பாலவனத்தம் பாண்டித்துரைத் தேவரின் தமிழ்க்கொடை: புலவர்க்கு ஈந்ததும் புலமைக்கு ஈந்ததும்

1. முன்னுரை

ஈகையைத் தமிழர் போற்றிய அளவிற்குப் பிறிதோர் அறத்தைப் போற்றினர் என்று கூறுதல் அரிது. புறநானூற்றில் பாடாண் திணையாக அமைந்த பாடல்களும், ஆற்றுப்படை நூல்களும், பிற்காலத்துத் தனிப்பாடல்களும் இதற்குச் சான்றாம். இந்நூல்களிற் காணும் கொடை பெரும்பாலும் ஒரு தன்மைத்து. புலவன் ஒருவன் வறுமையுற்றுப் புரவலனை நாடிச் செல்கின்றான், பாடுகின்றான், பரிசில் பெறுகின்றான், மீள்கின்றான். கொடுப்பான், கொள்வான் என்னும் இருவரிடையே நிகழும் நிகழ்ச்சி அது. பெற்ற பொருள் நுகர்ச்சியில் தீர்ந்துவிடும். பாட்டு எஞ்சி நிற்கும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இம்மரபு ஒரு பெரும் மாற்றம் பெற்றது. புலவர் ஒருவருக்கு ஈவதினின்றும், புலமை என்னும் பொதுப்பொருளுக்கு ஈவதாகக் கொடை விரிந்தது. சுவடியைத் தேடல், அச்சிடல், ஓதுவித்தல், தேர்வு நடத்தல், ஆராய்ச்சியை வெளியிடுதல் ஆகிய பணிகளுக்கு நிலையானதோர் அமைப்பை உண்டாக்கும் கொடையாக அது வளர்ந்தது. இம்மாற்றத்தைத் தம் வாழ்விலேயே நிகழ்த்திக் காட்டியவர் பாலவனத்தம் நிலக்கிழார் பொ. பாண்டித்துரைத் தேவர் (1867-1911). மதுரைத் தமிழ்ச்சங்கத்தை நிறுவியவர் என்று அனைவரும் அவரை அறிவர். ஆயின், அவர் கொடை பண்டைக் கொடையினின்றும் எவ்வாற்றான் வேறுபட்டது, இன்றைய பல்கலைக்கழகத் தமிழாராய்ச்சி அதற்கு எவ்வளவு கடமைப்பட்டது என்பன போதிய அளவு ஆராயப்படவில்லை. அவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. குடியும் கல்வியும்

பாண்டித்துரைத் தேவர் 1867-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 21-ஆம் நாள் பிறந்தார். உக்கிரபாண்டியன் என்பது அவர்தம் இயற்பெயர். தந்தையார் பொன்னுசாமித் தேவர், இராமநாதபுரம் சேதுபதி மன்னராகிய முத்துராமலிங்க சேதுபதியின் உடன்பிறந்தார். ஆகவே, சுவாமி விவேகானந்தரைச் சிகாகோ மாநாட்டிற்கு அனுப்பத் துணைநின்ற பாசுகர சேதுபதியும் பாண்டித்துரையாரும் ஒரு குடியில் தோன்றிய சகோதர முறையினர்.

தமிழ்க்கொடை இக்குடிக்குப் புதியதன்று. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1860-ஐ ஒட்டிய ஆண்டுகளில் திருக்கோவையார் உரையையும் திருக்குறட் பரிமேலழகருரையையும் அச்சேற்றியபோது, பொருளுதவி புரிந்து ஊக்கியவர் பொன்னுசாமித் தேவரே. இச்செய்தி நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது. பாடிய புலவர்க்குப் பரிசில் ஈந்த அரண்மனை, பழைய நூலொன்று பிழையற வெளிவருதற்கும் பொருள் ஈயத் தொடங்கிய காலம் அது. மகனார் பின்னாளில் பெருக்கி வளர்த்த வித்து, தந்தையார் காலத்திலேயே ஊன்றப்பெற்றது என்று கொள்ளலாம்.

இளமையிலேயே தந்தையை இழந்த பாண்டித்துரையார் தமிழும் ஆங்கிலமும் முறையாகக் கற்றார். தமக்குரிய பாலவனத்தம் நிலப்பகுதியின் ஆட்சியைத் தக்க பருவத்தில் ஏற்றார். புலவர்களை ஆதரித்ததோடு அமையாது, தாமும் புலமை எய்தினார். பல நூல்களினின்றும் நீதிப்பாடல்களைத் தேர்ந்து பொருள் வகையால் தொகுத்த 'பன்னூற்றிரட்டு' அவர்தம் பயிற்சியின் பரப்பைக் காட்டும். ஒரு தொகைநூலை ஆக்குவார்க்கு நூல்கள் பல கைக்கெட்டும் நிலையில் இருத்தல் வேண்டும். அந்நிலை தமக்கு வாய்த்தது போலப் பிறர்க்கும் வாய்த்தல் வேண்டும் என்னும் எண்ணமே அவர்தம் பிற்காலக் கொடைகளுக்கெல்லாம் அடிப்படையாயிற்று என்பது எம் கருத்து.

3. அச்சும் கொடையும்

டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் 1887-இல் சீவக சிந்தாமணியையும், 1889-இல் பத்துப்பாட்டையும், 1892-இல் சிலப்பதிகாரத்தையும், 1894-இல் புறநானூற்றையும் பதிப்பித்தார்கள். இப்பதிப்புகள் வெளிவந்த காலத்தில் நூல் வெளியீடு ஊதியம் தரும் தொழிலாக இருந்திலது. ஏடு தேடிச் சிற்றூர்தோறும் செல்லவும், படியெழுதுவோரை அமர்த்தவும், தாள் வாங்கவும், அச்சுக்கூலி தரவும் பொருள் வேண்டும். முன்பணம் தந்து கையொப்பமிடுவோரையும் செல்வரையும் நாடியே பதிப்பாசிரியர் பணியாற்றினர். 1898-இல் ஐயரவர்கள் மணிமேகலையை வெளியிட்டபோது பாண்டித்துரையார் செய்த உதவி தமிழுலகம் அறிந்தது.

ஈண்டு ஒன்று சிந்தித்தற்குரியது. பாரியின் கொடையையும், குமணனின் கொடையையும், அதியமானின் கொடையையும் இன்று நாம் புறநானூற்றால் அறிகின்றோம். அப்பாடல்கள் ஏட்டில் உறங்கிய காலத்தில் அவ்வள்ளல்களின் பெயரைக் கற்றாருள்ளும் சிலரே முழுமையாக அறிந்திருந்தனர். எனவே, பண்டை வள்ளல்களின் புகழ் மீண்டும் உலவுதற்கே பத்தொன்பதாம் நூற்றாண்டின் வள்ளல்கள் அச்சிற்குப் பொருளீய வேண்டியதாயிற்று. பழங்கொடையைப் புதுக்கொடை காத்தது. இவ்வுண்மையைப் பாண்டித்துரையார் நன்குணர்ந்திருந்தார் என்பதை அவர் பின்னர்ச் செய்த செயல்கள் காட்டுகின்றன.

4. சங்கம் தோன்றிய சூழல்

1901-ஆம் ஆண்டில் பாண்டித்துரையார் மதுரைக்குச் சென்றிருந்தபோது சொற்பொழிவு ஒன்றின் பொருட்டுக் கம்பராமாயணமும் திருக்குறளும் வேண்டினார் என்றும், சங்கம் வளர்த்த அந்நகரில் உசாவிய இடங்களில் அவை கிடைத்தில என்றும், அத்துயரே அவரைத் தமிழ்ச்சங்கம் நிறுவத் தூண்டியது என்றும் ஒரு செய்தி வழங்குகின்றது. வழிவழியாகச் சொல்லப்படும் இச்செய்தியை எழுத்துக்கெழுத்து மெய்யென்று கொள்ள வேண்டுவதில்லை. ஆயினும், அதனுட் பொதிந்த உண்மையைத் தள்ளுதலும் ஒல்லாது. நூல் உண்டு, அது சிலர் பெட்டியில் உண்டு, வேண்டுவார் வேண்டும்போது எடுத்துக் கற்கும் பொதுவிடத்தில் இல்லை. குறை இதுவே. இக்குறையைப் புலவர் ஒருவர்க்குப் பொற்கிழி அளித்துப் போக்க இயலாது. நூல்நிலையமும், அச்சகமும், ஆசிரியரும் கூடியதோர் அமைப்பே அதனைப் போக்கவல்லது.

அவ்வாண்டு மதுரையிற் கூடிய மாகாண மாநாட்டைச் சார்ந்து தம் எண்ணத்தை அறிஞரிடையே வெளியிட்ட பாண்டித்துரையார், 1901 செப்டம்பர்த் திங்கள் 14-ஆம் நாள் மதுரையில் தமிழ்ச்சங்கத்தைத் தொடங்கினார். பாசுகர சேதுபதி உறுதுணையாக நின்றார். உ. வே. சாமிநாதையர், பரிதிமாற் கலைஞர் என்னும் வி. கோ. சூரியநாராயண சாத்திரியார், இரா. இராகவையங்கார், சோழவந்தான் அரசஞ்சண்முகனார் முதலிய பெரும்புலவர்கள் சங்கத்தோடு தொடர்பு கொண்டனர். இறையனார் களவியலுரை கூறும் மூன்று சங்கங்களை உளங்கொண்டு இதனை நான்காம் தமிழ்ச்சங்கம் என்று வழங்கினர்.

இப்பெயர் பழமையைச் சுட்டினும் அமைப்பு முற்றிலும் புதியது. பழைய சங்கம் பற்றிய மரபில் அரசனும் புலவரும் உளர். நூல் அரங்கேறும் அவை உண்டு. புதிய சங்கத்திலோ நூல்நிலையமும் அச்சகமும் தேர்வுத்தாளும் திங்களிதழும் இருந்தன. பெயரைப் பழமையினின்றும் எடுத்து, உறுப்புகளைக் காலத்தின் தேவையினின்றும் எடுத்தமையே பாண்டித்துரையாரின் நுண்ணறிவு.

5. கொடையின் உறுப்புகள்

சங்கத்தின் வழியாக நிகழ்ந்த கொடையை நான்கு உறுப்புகளாகப் பகுத்துக் காணலாம்.

முதலாவது, நூல்நிலையம். பாண்டியன் புத்தகசாலை என்று அதற்குப் பெயரிட்டனர். அச்சுநூல்களும் ஏட்டுச்சுவடிகளும் ஆங்குத் தொகுக்கப்பெற்றன.

இரண்டாவது, கல்லூரி. சேதுபதி செந்தமிழ்க் கலாசாலை என்னும் பெயரால் தமிழை முறையாகப் பயிற்றும் இடம் அமைந்தது. அரசஞ்சண்முகனார், திரு. நாராயணையங்கார் போன்றார் சங்கப்பணியில் ஈடுபட்டு மாணவரை உருவாக்கினர்.

மூன்றாவது, தேர்வு. பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என மூன்று படியாக அமைந்த இத்தேர்வுகள் தமிழ்க் கல்விக்கு ஒரு வரையறையைத் தந்தன. திண்ணையில் ஓர் ஆசிரியரிடம் பல்லாண்டு பயின்றவன் தன் புலமைக்கு ஆசிரியர் பெயரையன்றி வேறு சான்று காட்ட இயலாதிருந்த காலம் அது. சங்கத்தின் சான்றிதழ் அவனுக்குப் பள்ளியில் ஆசிரியப் பணி பெறுதற்கு வழியாயிற்று. நிறுவியவர் மறைந்த பின்னரும் இத்தேர்வு நெடுங்காலம் பயன்தந்தது. மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர் ஆசிரியராகப் பணியாற்றிக்கொண்டே 1924-இல் இச்சங்கத்தின் பண்டிதத் தேர்வில் தேறினார். பரிசில் பெற்ற புலவன் மீண்டும் ஒருநாள் வறுமையுற்று வேறு வாயிலை நாடுதல் கூடும். சான்றிதழ் பெற்றவனோ தன் உழைப்பால் வாழும் நிலையை எய்தினான். புலவனின் வறுமைக்குப் புறநானூற்றுக் காலந்தொட்டுச் சொல்லப்பெற்ற மருந்தினும் இது நெடிது நின்று பயன்தருவது.

நான்காவது, அச்சகமும் அதன்வழி வெளிவந்த 'செந்தமிழ்' என்னும் திங்களிதழும். இது தனியே ஆராயத்தக்கது.

6. 'செந்தமிழ்' என்னும் கொடை

1902-ஆம் ஆண்டின் இறுதியில் 'செந்தமிழ்' தோன்றியது. முதலில் இரா. இராகவையங்காரும் பின்னர் மு. இராகவையங்காரும் அதன் ஆசிரியராயினர். ஏட்டுச்சுவடியில் மட்டும் இருந்த சிறுநூல்களை வெளியிடுதல், பாடவேறுபாடு ஆராய்தல், புலவர் காலத்தை உசாவுதல், கல்வெட்டுச் செய்தியை இலக்கியத்தோடு ஒப்பிடுதல், ஒருவர் கொள்கையை மற்றொருவர் சான்று காட்டி மறுத்தல் என ஆராய்ச்சியிதழ் ஒன்றிற்குரிய இயல்புகள் பலவும் அதன்கண் அமைந்தன. முத்தொள்ளாயிரத்தில் எஞ்சிய செய்யுட்கள் 1905-இல் இரா. இராகவையங்காரால் தொகுத்து வெளியிடப்பெற்றதும், மு. இராகவையங்கார் வேளிர் வரலாற்றை ஆராய்ந்ததும் இச்சூழலிலேயாம். பரிதிமாற் கலைஞர் தமிழ் உயர்தனிச் செம்மொழி என்னும் கருத்தை நிறுவி எழுதிய கட்டுரை 'செந்தமிழில்' வெளிவந்தது. 2004-ஆம் ஆண்டில் இந்திய அரசு தமிழைச் செம்மொழியாக அறிவித்தபோது, அவர் அன்று எழுதியது அறிஞர் பலரால் நினைவுகூரப்பெற்றது.

சென்னைப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தினின்றும் தாய்மொழிகளை நீக்கும் முயற்சி 1902-இல் எழுந்தபோது, பரிதிமாற் கலைஞரும் மு. சி. பூரணலிங்கம் பிள்ளையும் அதனை எதிர்த்து உழைத்தனர். மதுரைத் தமிழ்ச்சங்கம் அவர்க்குத் துணைநின்றது. தனிப்புலவர் ஒருவர் எழுப்பும் குரலுக்கும் சங்கம் ஒன்று எழுப்பும் குரலுக்கும் உள்ள வேறுபாடு அப்போது புலனாயிற்று.

இவ்விதழின் ஆசிரியர் இருவரின் பிற்கால வாழ்வு நம் கருத்திற்கு வலிய சான்றாகும். மு. இராகவையங்கார் சேது சமத்தானப் புலவர் முத்துசாமி ஐயங்காரின் மைந்தர். தந்தையை இளமையில் இழந்து பாண்டித்துரையாரின் ஆதரவில் வளர்ந்தவர். இவர் பின்னர்ச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதிப் பணியில் நெடுங்காலம் ஈடுபட்டார். 1944-இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் வள்ளல் அழகப்பச் செட்டியாரின் கொடையால் தமிழாராய்ச்சித் துறை தோன்றியபோது அதன் தலைமையை ஏற்றார். இரா. இராகவையங்கார் 1935 முதல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழாராய்ச்சித் துறைக்குத் தலைமை தாங்கினார். ஆகவே, பல்கலைக்கழகங்கள் தமிழாராய்ச்சிக்கென இடம் வகுத்தபோது, அவ்விடத்தில் அமர்தற்குரிய பயிற்சி பெற்றோரைச் 'செந்தமிழ்' முன்னரே ஆக்கி வைத்திருந்தது. ஒரு வள்ளலின் கொடையால் உருவான அறிஞர், மற்றொரு வள்ளலின் கொடையால் எழுந்த துறைக்குத் தலைவரானார். கொடை கொடையோடு இணைந்து ஒரு தொடராகும் காட்சி இது.

7. பிற கொடைகள்

பொருள்விளக்கப் பெருநூலாகிய 'அபிதான சிந்தாமணி' வெளிவந்த வரலாறும் குறிக்கத்தக்கது. ஆ. சிங்காரவேலு முதலியார் பல்லாண்டு உழைத்துத் தொகுத்த அந்நூல், அச்சிடுவாரின்றி நெடுநாள் காத்திருந்தது. ஆயிரம் பக்கத்தைக் கடந்த அதனை அச்சிடுதல் எளிய செயலன்று. பாண்டித்துரையாரின் துணையால் 1910-இல் அது மதுரைத் தமிழ்ச்சங்க வெளியீடாகத் தோன்றியது. புராணம், இலக்கியம், வரலாறு ஆகியவற்றில் ஐயம் எழுந்தபோது இன்றும் மாணவர் எடுத்துப் பார்க்கும் நூல்களுள் அஃது ஒன்று.

திருக்குறளில் எதுகை மோனை பிழைபட்டன என்று கருதித் தாமே திருத்தி அச்சிட்ட ஆங்கிலேயர் ஒருவரின் படிகளையெல்லாம் பாண்டித்துரையார் விலைகொடுத்து வாங்கி அழித்தார் என்றும் ஒரு செய்தி வழங்குகின்றது. மூலபாடத்தின் தூய்மையில் அவர்க்கிருந்த பற்றை இது காட்டும். எனினும், பதிப்பாராய்ச்சியாளர் நோக்கில் ஒன்று கூறல் வேண்டும். பிழைபட்ட பதிப்பும் ஒரு காலத்தின் சான்றே. அதனை மறுத்தெழுதிப் போற்றி வைத்தலே ஆராய்ச்சி நெறி. இந்நெறி வலுப்பெறுதற்கு அவர் நிறுவிய இதழே உதவியது என்பதையும் உடன் நினைத்தல் தகும்.

தமிழுக்கு அப்பாலும் அவர் கொடை சென்றது. வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-இல் சுதேசிக் கப்பற் குழுமத்தைத் தோற்றுவித்தபோது பாண்டித்துரையார் அதன் தலைவராக அமர்ந்தார். ஒவ்வொன்றும் 25 ரூபாய் மதிப்புள்ள 40,000 பங்குகளால் 10 இலக்கம் ரூபாய் முதல் திரட்டுவது அக்குழுமத்தின் திட்டம். ஆங்கில ஆட்சியின் கீழிருந்த நிலக்கிழார் ஒருவர் இத்தகைய முயற்சிக்குத் தலைமை ஏற்றல் துணிவுடைய செயலேயாம். 1908-இல் வ. உ. சி. சிறைப்பட்டார், 1911-இல் குழுமம் கலைந்தது. அவ்வாண்டு டிசம்பர்த் திங்கள் 2-ஆம் நாள், தம் நாற்பத்து நான்காம் வயதில், பாண்டித்துரையாரும் மறைந்தார்.

8. மதிப்பீடு

பெருங்கொடையாளர் ஒருவரை ஆராய்வோர் இருவகைப் பிழைக்கு ஆளாதல் உண்டு. கொடையை மட்டும் புகழ்ந்து, அதற்குரிய பொருள் எங்கிருந்து வந்தது என்பதை மறத்தல் ஒன்று. பொருளின் தோற்றத்தை மட்டும் கூறிக் கொடையின் பயனைக் குறைத்தல் மற்றொன்று. பாலவனத்தத்தின் வருவாய் நிலவரியால் வந்தது. வானம் பார்த்த நிலத்தில் உழுது விதைத்து, விளைவில் ஒரு பகுதியை அளந்து கொடுத்த உழவரின் உழைப்பு அதன் அடியில் உண்டு. சங்கத்தின் நூலும் இதழும் அவர்க்கும் ஒருவகையிற் கடன்பட்டன. அவ்வுழவர்தம் பெயர் எந்தப் பாயிரத்திலும் இடம்பெறவில்லை. வரலாறு எழுதுவோர் இதனைக் குறித்தல் கடன்.

இனி, ஒருவரின் செல்வத்தை மட்டும் சார்ந்த கொடை அச்செல்வத்தோடு முடியும் என்பதற்குச் சேது நாட்டு வரலாறே சான்று. பாசுகர சேதுபதி பெருவள்ளலாயினும் கடன்சுமையால் துன்புற்று, 1903-இல் இளவயதிலேயே மறைந்தார். சங்கம் தொடங்கி இரண்டாண்டு நிறைந்த அளவில் அதன் பெருந்தூண்களுள் ஒன்று வீழ்ந்தது. அடுத்த எட்டாண்டில் நிறுவியவரும் மறைந்தார். ஆயினும் சங்கம் மறைந்திலது. நூலைக் காப்பார் ஒருவர், இதழை நடத்துவார் ஒருவர், தேர்வை நடத்துவார் ஒருவர் எனப் பணி பகிரப்பட்டிருந்தமையே இதற்குக் காரணம் எனலாம். நிலக்கிழார் ஆட்சிமுறை விடுதலைக்குப் பின் சட்டத்தால் ஒழிந்தது. பாலவனத்தம் நிலப்பகுதி இன்று வரலாற்றுச் செய்தி. அதன் வருவாயால் எழுந்த சங்கமோ நூற்றாண்டைக் கடந்து நிற்கின்றது.

பெருஞ்சித்திரனார் குமணனிடம் பெற்ற வளத்தைத் தம் மனைவியாரிடம் கொடுத்து, வேண்டியவர்க்கெல்லாம் வரையாது வழங்குமாறு கூறிய செய்தி புறநானூற்றில் உளது. பெற்றவர் தாமும் ஈவோராதலே கொடையின் நிறைவு என்பதை அப்புலவர் அன்றே உணர்ந்திருந்தார். அவர் மனையில் ஒருமுறை நிகழ்ந்ததனை ஆண்டுதோறும் நிகழுமாறு அமைத்தவர் பாண்டித்துரையார். சங்கத்தில் கற்றவர் ஆசிரியராகிப் பிறர்க்குக் கற்பித்தனர். 'செந்தமிழில்' எழுதிப் பழகியவர் துறைத்தலைவராகிப் பிறரை எழுதுவித்தனர்.

9. முடிவுரை

மேற்கூறியவற்றால், தமிழ்க்கொடையின் வரலாற்றில் பாண்டித்துரைத் தேவர் ஒரு திருப்பத்தைக் குறிப்பவர் என்பது பெறப்படும். தந்தையார் தொடங்கிய அச்சுக்கொடையை அவர் நிறுவனக் கொடையாக விரித்தார். புலவரைப் புரந்ததோடு புலமை வளர்தற்குரிய கருவிகளையும் நிலைபெறச் செய்தார். பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் தோன்றுமுன் அத்துறைகளின் பணியைச் செய்த அமைப்பை அவர் கொடை உண்டாக்கியது.

அவரைப் போற்றும் பாடல்களும் விழாச் சொற்பொழிவுகளும் பலவாக உள்ளன. 'செந்தமிழ்' இதழின் முதற் பத்தாண்டுத் தொகுதிகளைப் பொருளடைவு செய்து, எந்த நூல் எப்போது முதன்முறை வெளிவந்தது, எந்தக் கொள்கை யாரால் முதலில் கூறப்பெற்றது, யாரால் மறுக்கப்பெற்றது என்று நிரல்படுத்தும் ஆராய்ச்சி அவற்றினும் அவர்க்கு ஏற்ற நினைவாகும். இன்று புதிய முடிபு என்று நாம் எழுதுவனவற்றுட் சில அவ்விதழில் நூறாண்டுக்கு முன்னரே விவாதிக்கப்பெற்றிருத்தலை அத்தொகுதிகளைப் புரட்டுவார் காண்பர். தொகுதிகள் பலவற்றின் தாள் தொட்டால் ஒடியும் நிலையை அடைந்துள்ளது. சில மின்னுருவிலும் கிடைக்கின்றன. முதுகலை மாணவரும் ஆய்வாளரும் இப்பணியை மேற்கொள்வாராயின், ஒரு வள்ளல் ஈந்த பொருளைப் பெற்றவர் திருப்பிச் செலுத்தும் முறையும் அதுவேயாகும்.